58 பேர்ல இல்லாத ஒரு பேர்: பென் வாலஸ்

1996 என்பிஏ டிராஃப்ட் (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்ல டீமெல்லாம் வரிசையா புது ஆளுங்களை எடுக்கற நாள்) பத்தி பேச்சு எடுத்தா பாஸ்கெட்பால் பாக்கறவங்க யாரும் சீக்கிரம் நிறுத்த மாட்டாங்க. முதல் ஆளா ஆலன் ஐவர்சன், 5-வதா ரே ஆலன், 13-வதா ஹைஸ்கூல் முடிச்ச கையோட வந்த கோபி பிரையன்ட், 15-வதா ஸ்டீவ் நாஷ். நாலு பேரும் இப்ப ஹால் ஆஃப் ஃபேம்ல, அதாவது பாஸ்கெட்பால்ல பெரிய ஆளுங்களுக்கான கௌரவப் பட்டியல்ல, இருக்காங்க. அன்னிக்கு மொத்தம் 58 பேரை கூப்பிட்டாங்க. அதே வருஷம் காலேஜ் முடிச்சு வந்த இன்னொருத்தரும் பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போனார், ஆனா அந்த 58 பேர்ல அவர் பேர் கிடையாது. 29 டீம், ரெண்டு ரவுண்டு, ஒருத்தருக்கும் இவரை எடுக்கணும்னு தோணல.

பென் வாலஸ். எனக்கு பாஸ்கெட்பால்ல ரொம்ப பிடிச்ச ஆள் இவர்தான். ஜோர்டன், கோபி, லெப்ரான் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, இவரைப் பத்தி தமிழ்ல நான் நீளமா எதுவும் படிச்சதில்ல, அதனால நானே எழுதிடறேன்.

அலபாமா மாநிலத்துல லௌண்டஸ் கவுண்டின்னு ஒரு இடம், அதுல வைட் ஹால்னு ஒரு சின்ன ஊர். 1965-ல கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்காக செல்மாலேர்ந்து மான்ட்கோமரி வரைக்கும் நடந்தாங்களே, அந்த நடைபயணம் போன நெடுஞ்சாலை 80 இந்த கவுண்டி வழியாதான் போகுது. ஓட்டுப் போட பேர் பதிஞ்சதுக்காகவே குத்தகை நிலத்துலேர்ந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் இந்தப் பகுதியிலதான் கூடாரம் போட்டு தங்கிருந்தாங்க. 1974 செப்டம்பர் 10 அன்னிக்கு பென் பொறந்தப்ப அதெல்லாம் நடந்து பத்து வருஷம்கூட ஆகல. 11 பிள்ளைங்கள்ல இவர் 10-வது. அம்மா பேர் சேடி வாலஸ். வசதி கிடையாது, அண்ணனுங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்ல.

அண்ணனுங்க ஆடற ஆட்டத்துல தம்பிய சேத்துப்பாங்க, ஆனா பந்து குடுக்க மாட்டாங்க. இதை வாலஸே பல தடவை சொல்லிருக்கார். பந்து கைக்கு வரணும்னா ஒண்ணு அடுத்தவங்ககிட்டேர்ந்து பிடுங்கணும், இல்ல கோட்டுக்கு வெளிய போற பந்தை பாய்ஞ்சு காப்பாத்தணும், இல்ல யாராவது மிஸ் பண்ணின ஷாட் திரும்பி வர்றப்ப பிடிக்கணும், அதாவது ரீபவுண்ட் எடுக்கணும். கல்யாண வீட்ல கடைசிப் பந்தில உக்கார வச்ச பையன் மாதிரி, முன்னாடி உக்காந்தவங்க விட்டது என்னவோ அதுதான் இவருக்கு. ஆனா அந்த மூணு வேலையும் வயசுலயே மூத்த, உடம்புல பெரிய ஆளுங்களுக்கு எதிரா செஞ்சு செஞ்சு பழகினது இருக்கே, பின்னாடி என்பிஏல இவர் செஞ்சது எல்லாமே அந்த மூணு வேலைதான். நாலாவதா ஒண்ணு கடைசி வரைக்கும் சேரவே இல்லைன்னுகூட சொல்லலாம். எனக்கு இவர் கதைல ரொம்ப பிடிச்ச விஷயமும் இதுதான். சின்ன காலேஜ்லேர்ந்து மேல வந்த மத்தவங்க கதைய எடுத்துக்கங்க, ஸ்காட்டி பிப்பன் காலேஜ்ல இருக்கறப்பவே கிடுகிடுன்னு உயரமானார், ஸ்டெஃப் கறி உலகமே பாக்காத தூரத்துலேர்ந்து ஷூட் பண்ணினார். வாலஸ்கிட்ட அந்த மாதிரி எதுவும் நடக்கல. வளரவும் இல்ல, ஷூட் பண்ணவும் கத்துக்கல.

ஹைஸ்கூல் படிக்கறப்ப, 1991-ல, சார்ல்ஸ் ஓக்லி நடத்தின ஒரு பாஸ்கெட்பால் கேம்ப்புக்கு போகணும்னு ஆசைப்பட்டார். ஃபீஸ் 50 டாலர். வீட்ல அதுக்கு வழியில்ல, அதனால ஊர்ல இருக்கறவங்களுக்கு முடி வெட்டி விட்டார், தலைக்கு 3 டாலர். அப்படி சேத்த காசுலதான் அந்த கேம்ப்புக்கே போனார்.

ஓக்லி யாருன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். அப்ப நியூயார்க் நிக்ஸ்ல ஆடிட்டிருந்தவர், அந்தக் காலத்து என்பிஏலயே முரட்டு ஆளுங்கள்ல ஒருத்தர், ரீபவுண்டும் டிஃபென்ஸும்தான் அவர் பிழைப்பு. அந்த கேம்ப்ல ஓக்லி இந்தப் பையனோட நேருக்கு நேர் ஆடினார், சும்மா பாசத்துக்கு ஆடற ஆட்டம் இல்ல, இடிச்சு தள்ளி ஆடற ஆட்டம். பையன் பின்வாங்கல. ஓக்லி மனசுல அது பதிஞ்சிருச்சு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் ஓக்லி காட்டின பாதைதான்னு சொல்லலாம். ஓக்லியோட சொந்த ஊர் கிளீவ்லண்ட், வாலஸ் அந்த ஊர்ல குயஹோகா கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடினார். அப்புறம் ரிச்மண்ட்ல இருக்கற வர்ஜீனியா யூனியன் யூனிவர்சிட்டி, அது ஓக்லி படிச்ச இடம். 1865-ல, உள்நாட்டுப் போர் முடிஞ்ச வருஷம், அடிமைத்தனத்துலேர்ந்து விடுபட்ட மக்களுக்காக ஆரம்பிச்ச படிப்புலேர்ந்து வளந்த யூனிவர்சிட்டி அது. பாஸ்கெட்பால்ல டிவிஷன் 2. அமெரிக்கால டியூக், கென்டக்கி, நார்த் கரோலினா மாதிரி டிவில தினமும் வர்ற காலேஜ் எல்லாம் டிவிஷன் 1, டிவிஷன் 2-ன்னா பட்ஜெட் கம்மி, கூட்டம் கம்மி, என்பிஏ டீமுக்கு ஆள் தேடற ஸ்கவுட் வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா ஓக்லியே அங்கேர்ந்து 1985 டிராஃப்ட்ல 9-வது ஆளா போனவர், அதனால அந்த வழி நடக்கக்கூடிய வழின்னு அவருக்கு தெரியும்.

வர்ஜீனியா யூனியன்ல கோச் டேவ் ராபின்ஸ். வாலஸ் அங்க சராசரியா 13.4 பாயிண்ட், 10 ரீபவுண்ட். டீம் டிவிஷன் 2 ஃபைனல் ஃபோர் வரைக்கும் போச்சு, வாலஸுக்கு காலேஜ்ல நல்லா ஆடறவங்களுக்கு குடுக்கற ஆல்-அமெரிக்கன் பட்டமும் கிடைச்சுது. அப்புறமும் டிராஃப்ட் அன்னிக்கு யாரும் கூப்பிடல.

ஏன்னு யோசிச்சா, ஸ்கவுட்டுங்களை முட்டாள்னு திட்டறது சுலபம், ஆனா அவங்க பாத்த கணக்கு என்னன்னு புரிஞ்சுக்கணும். இவர் ஆடறது சென்டர் (வளையத்துக்கு பக்கத்துல நிக்கற பெரிய ஆள்) மாதிரி, உயரமோ சென்டருக்கு உண்டான உயரம் இல்ல. ரெக்கார்டுல 6 அடி 9 அங்குலம்னு போடுவாங்க, நிஜத்துல 6 அடி 7 தான்னு அவரே சொல்லிருக்கார், அந்தக் காலத்துல சென்டர்னா 7 அடி. 6 அடி 7 இருக்கறவன்னா ஃபார்வர்டா வெளிய நின்னு ஷூட் பண்ணணும், இவருக்கு ஷூட்டிங் வராது. அப்ப இவரை எந்தக் கட்டத்துல போடறது? அவங்ககிட்ட இருந்த அஞ்சு கட்டத்துல எதுலயும் இவர் பொருந்தல. பாஸ்டன் செல்டிக்ஸ் அந்த சம்மர்ல கூப்பிட்டு டிரை பண்ணினாங்க, வெளிய நின்னு ஆடற பொசிஷன்ல போட்டு பாத்தாங்க, ஒத்து வரல. உயரத்தைப் பாத்து இடம் குடுத்தாங்களே தவிர அந்த ஆள் என்ன செய்வார்னு பாத்து இடம் குடுக்கல. இட்டாலில ரெஜியோ கலாப்ரியா டீமோட கொஞ்ச நாள் இருந்தார். அப்புறம் 1996 அக்டோபர்ல வாஷிங்டன் புல்லட்ஸ் ஒரு காண்ட்ராக்ட் குடுத்தாங்க.

முதல் சீசன்ல 34 மேட்ச், சராசரி 1.1 பாயிண்ட். மூணு சீசன் வாஷிங்டன்ல ஓடுச்சு, பெரும்பாலும் பெஞ்சுலேர்ந்து வந்து கொஞ்ச நிமிஷம் ஆடற வேலை. 1999-ல ஆர்லண்டோவுக்கு டிரேட், அதாவது டீமுக்கு டீம் ஆள் மாத்திக்கறது.

ஆர்லண்டோ அந்த வருஷம் பெரிய ஆளுங்களை எல்லாம் அனுப்பிட்டு, அடுத்த சம்மர்ல ஸ்டார்ஸை வாங்கறதுக்காக காண்ட்ராக்ட் பணத்தை மிச்சம் பிடிச்சுட்டிருந்த டீம். கோச்சா புதுசா வந்தவர் டாக் ரிவர்ஸ். டேரல் ஆம்ஸ்ட்ராங், போ அவுட்லா, ஜான் அமேச்சி, வாலஸ்னு டிராஃப்ட்ல எடுக்கப்படாத ஆளுங்களா சேந்து நின்ன டீம் அது. எல்லாரும் இவங்க கடைசில வருவாங்கன்னு எதிர்பாத்தாங்க, ஆனா 41 ஜெயிச்சு 41 தோத்தாங்க. வாலஸ் 81 மேட்ச்ல ஆரம்பத்துல இறங்கற அஞ்சு பேர்ல ஒருத்தரா ஸ்டார்ட் பண்ணினார். அந்த ஒரு வருஷத்துலதான் முதல் தடவையா ஒரு கோச் இவரை தைரியமா சென்டர்ல நிறுத்தி வச்சு முழுசா ஆட விட்டார்.

அதுக்கப்புறம் வந்தது அந்த டிரேட். 2000 ஆகஸ்ட்ல ஆர்லண்டோ டெட்ராய்ட்டோட பெரிய ஸ்டார் கிராண்ட் ஹில்லை எடுத்துக்கிச்சு, பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு கிடைச்சது சக்கி ஆட்கின்ஸும் பென் வாலஸும். ஹில் எப்படியும் கிளம்பறார், சும்மா விடறதுக்கு பதிலா ஏதாவது வரட்டும்ங்கற மாதிரிதான் எல்லாரும் அதைப் பாத்தாங்க. டெட்ராய்ட் மேனேஜ்மென்ட் பொறுப்புக்கு அப்பதான் வந்திருந்தார் ஜோ டுமார்ஸ். அவர் பேரே போச்சுன்னு நினைச்சவங்க அதிகம்.

ஹில்லுக்கு கணுக்கால் காயம், ஆபரேஷன் மேல ஆபரேஷன், ஆர்லண்டோல முதல் நாலு சீசன்ல மொத்தமே 47 மேட்ச்தான் ஆட முடிஞ்சுது. அது அவர் தப்பில்ல, அந்த மனுஷன் பட்ட கஷ்டம் தனியா எழுத வேண்டிய கதை. ஆனா இந்தப் பக்கம் டெட்ராய்ட்ல வாலஸ் முதல் சீசன்லயே மேட்ச்சுக்கு 13-க்கு மேல ரீபவுண்ட். ரெண்டாவது சீசன், 2001-02, ரீபவுண்ட்லயும் லீக்ல முதல், பிளாக்லயும் (எதிராளி போடற ஷாட்டை தட்டி விடறது) லீக்ல முதல், அந்த வருஷத்துல நல்லா தடுத்து ஆடினவருக்கான டிஃபென்சிவ் ப்ளேயர் ஆஃப் த இயர் அவார்டு. முந்தின வருஷம் 32 மேட்ச் ஜெயிச்ச டீம் 50 மேட்ச் ஜெயிச்சுது. அடுத்த வருஷம் ரீபவுண்ட் 15.4, மறுபடி அதே அவார்டு. லீக்கோட ஸ்டார்ஸ் எல்லாம் சேந்து ஆடற 2003 ஆல்-ஸ்டார் மேட்ச்ல ரசிகர்கள் ஓட்டுல ஸ்டார்ட்டரா நின்னார், டிராஃப்ட் ஆகாத ஒருத்தர் அப்படி நின்னது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா அவர் ஆட்டத்தைப் பத்தி பேசணும், ஏன்னா ரீபவுண்ட்னா குதிச்சு பந்தை பிடிக்கறதுதானேன்னு நினைக்கறவங்க நிறைய பேர்.

கோர்ட்ல இறங்கி உள்ளுக்குள்ள ஆடிப் பாத்தவங்களுக்கு தெரியும், ரீபவுண்ட்ல முக்கால்வாசி வேலை பந்து வளையத்துல படறதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும். ஷாட் கிளம்பற அந்த நொடில எதிராளிக்கு முதுகு குடுத்து, இடுப்பை கீழ இறக்கி, அவனை வளையத்துலேர்ந்து வெளிய தள்ளி வைக்கணும், அதுதான் பாக்ஸ் அவுட். அங்க குள்ளமா இருக்கறது ஒரு வசதி, இடுப்பு தாழ இருக்கறவனை அசைக்கறது கஷ்டம். வாலஸ் கிட்டத்தட்ட 240 பவுண்ட் எடை, தோள் எல்லாம் செதுக்கி வச்ச மாதிரி. அதுக்கும் மேல அவர்கிட்ட இருந்தது ரெண்டாவது ஜம்ப். ஒரு தடவை குதிச்சு இறங்கினதும் பெரிய ஆளுங்களுக்கு மறுபடி குதிக்க கொஞ்சம் நேரம் ஆகும், முழங்கால் மடங்கி, மூச்சு எடுத்து... இவர் தரைல பட்டதும் திரும்ப மேல போயிடுவார். அதனாலதான் பந்து ரெண்டு மூணு கை தட்டி மேலயே இருக்கற சமயத்துல கடைசில இவர் கைக்கு வரும். பிளாக்லயும் இன்னொரு விஷயம் கவனிங்க, கூட்டத்தை கத்த வைக்கறதுக்காக பந்தை கேலரிக்கு அடிக்காம, அவர் பெரும்பாலும் கோர்ட்டுக்குள்ளயே தட்டி விடுவார், தன் டீம் ஆள் எடுத்துட்டு ஓடலாம். இதெல்லாம் ஸ்கோர் ஷீட்ல வராது.

ஷாட் போட மாட்டார்ங்கறதையும் மறைக்க வேண்டியதில்ல. ஃப்ரீ த்ரோல (ஃபவுல் ஆனா யாரும் தடுக்காம போட விடற ஷாட்) வாழ்நாள் சராசரி 41.4 சதவீதம், ஆயிரத்துக்கு மேல ஃப்ரீ த்ரோ போட்டவங்கள்ல என்பிஏ வரலாத்துலயே கடைசி. கடைசி நிமிஷங்கள்ல எதிர் டீம் வேணும்னே இவரை ஃபவுல் பண்ணும், பாக்கறவங்களுக்கே வயித்தைக் கலக்கும். ஆனாலும் கோச்சுங்க இவரை வெளிய எடுக்க தயங்கினாங்க, ஏன்னா இவர் உள்ள இருந்தா எதிர் டீம் வளையத்துக்கு பக்கத்துல வரவே பயப்படும்.

2003-04 சீசன். கோச்சா லாரி பிரவுன் வந்தார். சான்சி பில்லப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், டேஷான் பிரின்ஸ், சீசன் நடுவுல வந்து சேந்த ரஷீத் வாலஸ் (சொந்தம் எல்லாம் இல்ல, பேர்தான் ஒண்ணு), நடுவுல பென். அந்த அஞ்சு பேர்ல எந்த டீமும் தன்னோட முகம்னு விளம்பரத்துல போடற மாதிரி ஸ்டார் யாரும் இல்லன்னு அப்ப எல்லாரும் சொல்வாங்க. பில்லப்ஸை எத்தனை டீம் கைமாத்தி விட்டுச்சுன்னு எண்ணணும், அது ஒரு கதை. ரஷீத் வந்ததுக்கப்புறம் மார்ச் மாசம் தொடர்ந்து 5 மேட்ச்ல எதிர் டீமை 70 பாயிண்ட்டுக்கு கீழ நிறுத்தினாங்க. என்பிஏல 70-க்கு கீழங்கறது ஒரு தடவை நடந்தாலே பேப்பர்ல தனியா எழுதுவாங்க.

ஃபைனல்ல எதிர்ல லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். ஷகீல் ஓ'நீல், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன். மலோனுக்கு முழங்கால்ல அடி, அது உண்மைதான், அதையும் சொல்லிடணும். ஆனா சீரிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெட்ராய்ட் ஜெயிக்கும்னு சொன்னவங்களை விரல் விட்டு எண்ணலாம்.

லாரி பிரவுன் போட்ட பிளான் இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு புல்லரிக்கும். ஷகீல் 7 அடி 1, எடை 300 பவுண்டுக்கு மேல எங்கயோ. அந்தக் காலத்துல எல்லா டீமும் அவர்மேல ரெண்டு பேரை, மூணு பேரை அனுப்பும், அப்ப வெளிய யாராவது சும்மா நிப்பாங்க, பந்து அங்க போயிடும். பிரவுன் என்ன பண்ணினார்னா, ஷகீலை பெரும்பாலும் பென் தனியா பாத்துக்கட்டும், மத்த நாலு பேரும் அவங்கவங்க ஆளை விட்டு நகரக்கூடாதுன்னுட்டார். ஷகீல் அடிச்சுக்கட்டும், மத்தவன் யாரும் அடிக்கக்கூடாது. நிஜத்துல 6 அடி 7 இருக்கற ஆள்கிட்ட குடுத்த வேலை இது!

ஷகீல் அடிக்கத்தான் செஞ்சார், சீரிஸ்ல சராசரி 26.6. நாலாவது மேட்ச்ல 36 பாயிண்ட், 20 ரீபவுண்ட், அப்படியும் லேக்கர்ஸ் 88-80-ன்னு தோத்தாங்க. கோபிய பிரின்ஸ் பிடிச்சுக்கிட்டார், கோபி போட்ட ஷாட்டுல 38 சதவீதம்தான் உள்ள போச்சு. மூணாவது மேட்ச்ல லேக்கர்ஸ் மொத்தமே 68. ஒவ்வொரு தடவையும் ஷகீல் முதுகால இடிச்சு இடிச்சு உள்ள வர்றப்ப பென் ஒரு அடி பின்னாடி போவார், ரெண்டு அடி போவார், அப்புறம் நின்னுடுவார். அந்த இடியை நாப்பது நிமிஷம் வாங்கிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய் இன்னொரு ரீபவுண்டுக்கும் குதிப்பார்.

அஞ்சாவது மேட்ச் 2004 ஜூன் 15, நமக்கு 16-ம் தேதி காலைல. 100-87. பென் வாலஸ் 18 பாயிண்ட், 22 ரீபவுண்ட். எப்பவும் 18 பாயிண்ட் அடிக்கற ஆளா அவர்? சாம்பியன்ஷிப் கைக்கு எட்டற மேட்ச்ல, ஷகீலுக்கு எதிரா, அன்னிக்கு அவர் அடிச்சார். ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது சீரிஸோட சிறந்த ஆளுக்கான அவார்டு, பில்லப்ஸுக்கு போச்சு, நியாயம்தான், நல்லாத்தான் ஆடினார். ஆனா அந்த சீரிஸ்ல பென்னை எடுத்துட்டு வேற யாரைப் போட்டிருந்தாலும் அந்த பிளானே நடந்திருக்காதுன்னு நான் யார்கிட்ட வேணா நின்னு வாதாடுவேன்.

டெட்ராய்ட் கார் ஃபேக்டரி ஊர். அந்த ஊர் ஜனங்க இவரை அப்படி கொண்டாடினாங்க, பெரிய ஆஃப்ரோ முடிய அவர் அவிழ்த்து விட்டு வர்ற நாள்ல அரங்கம் முழுக்க ஆஃப்ரோ விக் மாட்டிட்டு வருவாங்க, அவர் பிளாக் பண்ணினா பெரிய மணி அடிக்கற சத்தம் ஸ்பீக்கர்ல அதிரும்.

அதே அரங்கத்துல அஞ்சு மாசம் கழிச்சு, 2004 நவம்பர் 19, இண்டியானாவோட நடந்த அந்த சண்டை. தோல்வி முடிவான கடைசி நிமிஷத்துல ரான் ஆர்டெஸ்ட் ஃபவுல் பண்ணினதுக்கு பென் திரும்பி அவரை தள்ளி விட்டார், அங்கேர்ந்து அது ரசிகர்கள் கூட்டத்துக்குள்ள பரவி அமெரிக்க விளையாட்டுலயே அசிங்கமான ராத்திரியா ஆச்சு. பென்னுக்கு 6 மேட்ச் தடை. பிடிச்ச ஆள்ங்கறதுக்காக இதை விட்டுட்டு எழுத எனக்கு மனசு வரல, அந்தத் தள்ளு தேவையே இல்லாதது.

அதுக்கப்புறம் 2005, 2006 ரெண்டு வருஷமும் மறுபடி டிஃபென்சிவ் ப்ளேயர் அவார்டு, மொத்தம் நாலு. அதுக்கு முன்னாடி நாலு வாங்கினவர் டிகெம்பே முடோம்போ, பின்னாடி வந்தவர் ரூடி கோபேர், ரெண்டு பேருமே 7 அடிக்கு மேல. 2006-ல சிகாகோ 4 வருஷத்துக்கு 60 மில்லியன் டாலர் குடுத்து கூட்டிட்டு போச்சு. அங்க பழைய ஆட்டம் வரல, அப்புறம் கிளீவ்லண்ட், கடைசில திரும்ப டெட்ராய்ட், 2012-ல முடிஞ்சுது. மொத்தம் 1,088 மேட்ச். 2016 ஜனவரில டெட்ராய்ட் அவரோட 3-ம் நம்பர் ஜெர்சிய மேல ஏத்திருச்சு, இனி அந்த நம்பரை அங்க யாரும் போட முடியாது.

2021 செப்டம்பர்ல ஹால் ஆஃப் ஃபேம். மேடைல கூட நின்னவர் லாரி பிரவுன். என்பிஏ இப்ப இருக்கற வடிவத்துக்கு வந்ததுக்கப்புறம், டிராஃப்ட் ஆகாம வந்து ஹால் ஆஃப் ஃபேம் போன முதல் ஆள் இவர்.

சில பேர் இன்னமும் கேக்கறாங்க, வாழ்நாள் சராசரி 5.7 பாயிண்ட் வச்சிருக்கறவனுக்கு எதுக்கு ஹால் ஆஃப் ஃபேம்னு. எனக்கு இதைக் கேட்டா கோவம்தான் வரும். 1996-ல அந்த 29 டீமும் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதானே, இவனுக்கு என்ன வராதுன்னு பாத்தாங்க. ஷகீலும் கோபியும் இருந்த டீமை 68-ல நிறுத்தின மேட்ச்ல நடுவுல நின்னவர் பேரை எந்தக் கணக்குல எழுதுவீங்க? பாதி கோர்ட்டுல பாயிண்ட் அடிக்கறாங்க, மீதி பாதி கோர்ட்டுல அதைத் தடுக்கறாங்க, தடுத்தாலும் ஒரு கூடை மிச்சம்தான், அடிச்சாலும் ஒரு கூடைதான். சந்தேகம் இருக்கறவங்க அந்த 2004 மூணாவது மேட்ச்சை முழுசா போட்டுப் பாருங்க, பந்து பின்னாடி கண்ணை ஓட்டாம 3-ம் நம்பர் மேல மட்டும் வச்சு பாருங்க, அப்புறம் வந்து பேசலாம்.